சார்ட்டர் பள்ளிக்கு அரசுப் பணம்: எவ்வளவு, எப்போது, எங்கே சிக்குகிறது?

செங்காந்தள் | 12 ஜனவரி 2025
அமெரிக்காவில் அரசு அனுமதியோடு தனி வாரியம் நடத்தும் சார்ட்டர் பள்ளியும் அரசுப் பள்ளிதான், கட்டணம் கிடையாது, பிள்ளை எங்கே சேர்கிறதோ அங்கே பணமும் போய்விடும் என்கிறார்கள். அப்படியென்றால் பள்ளி மாவட்டம் (ஊர்ப் பள்ளிகளைப் பார்த்துக்கொள்ளும் உள்ளாட்சி அமைப்பு) நடத்தும் பள்ளியும் பக்கத்துத் தெரு சார்ட்டரும் ஒரே நிலையில்தானே இருக்க வேண்டும்? முந்நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கிற, மதிப்பெண்ணும் நன்றாக உள்ள சார்ட்டர்கள்கூட பிப்ரவரி, மார்ச் வந்தால் "நிதி நெருக்கடி" என்று பெற்றோருக்குக் கடிதம் அனுப்புவது ஏன்? உள்ளே யாரோ கை வைக்கிறார்கள் என்பதுதான் என் முடிவு. கலிஃபோர்னியாவைப் பற்றிக் கேட்கிறேன்.

பேரேடு | 12 ஜனவரி
கை வைத்த கதைகளும் உண்டு, பிறகு வருவோம். ஆனால் பிப்ரவரியில் அந்தக் கடிதம் வருவதற்குத் திருடன் தேவையில்லை, நாள்காட்டியே போதும்.

முதலில் தொகை. 2013-14 முதல் கலிஃபோர்னியாவில் எல்சிஎஃப்எஃப் என்ற நிதிச் சூத்திரம் ஓடுகிறது. மாவட்டத்துக்கும் சார்ட்டருக்கும் அதே சூத்திரம், அதே விகிதம். 2024-25இல் ஒரு பிள்ளைக்கான அடிப்படைத் தொகை: மழலையர் முதல் 3ஆம் வகுப்பு வரை 10,025 டாலர், 4-6க்கு 10,177, 7-8க்கு 10,478, 9-12க்கு 12,144. சின்ன வகுப்புகளுக்கு இதன்மேல் 10.4 சதவீதமும் 9-12க்கு 2.6 சதவீதமும் கூட்டுவார்கள். இதுவரை இரண்டு தரப்பும் சமம்.

இந்தத் தொகையைப் பதிவேட்டில் உள்ள தலைக்கணக்கால் பெருக்கக்கூடாது. ஏடிஏ எனப்படும் சராசரி தினசரி வருகையால் பெருக்க வேண்டும். 320 பேர் சேர்ந்த பள்ளியில் வருகை 94 சதவீதம் என்றால் ஏடிஏ 300.8. வருகை 91க்கு இறங்கினால் 291.2. பிள்ளை டாக்டர் சீட்டோடு விடுப்பு எடுத்தாலும் அந்த நாளுக்குப் பணம் இல்லை. அனுமதி பெற்ற விடுப்பைக் கணக்கில் சேர்க்கும் வழக்கம் 1998-99இலேயே போய்விட்டது. ஆனால் ஆசிரியர் சம்பளம், வாடகை, மின்கட்டணம் எல்லாம் 320 பேருக்கானதுதான்.

பேரேடு | 13 ஜனவரி
இனி பிப்ரவரி. இந்தத் தொகையில் மாநிலம் தரும் பங்கு மாதத் தவணையாக வருகிறது. ஜூலை 5 சதவீதம், ஆகஸ்ட் 5, செப்டம்பர் முதல் ஜனவரி வரை மாதம் 9. மொத்தம் 55 சதவீதம். இந்த ஏழு மாதமும் போன வருடக் கணக்கை வைத்தே அனுப்புகிறார்கள். டிசம்பர் வரையிலான இந்த வருட வருகையைப் பள்ளி ஜனவரியில் தெரிவிக்கும், அதற்குப் பெயர் பி-1. மாநிலம் அதை பிப்ரவரி 20க்குள் உறுதி செய்து, வருடத்துக்கு உண்மையில் எவ்வளவு சேரும் என்று பார்த்து, ஏற்கெனவே கொடுத்ததைக் கழித்து, மீதியை ஐந்தாகப் பிரித்து ஜூன் வரை அனுப்பும்.

ஒரு உதாரணம். போன வருடக் கணக்கில் மாநிலப் பங்கு 24 லட்சம் டாலர். ஜனவரிக்குள் 13.2 லட்சம் வந்தாகிவிட்டது, அதாவது செப்டம்பரிலிருந்து மாதம் 2.16 லட்சம். இந்த வருடம் பிள்ளைகள் குறைந்து, பங்கு 21 லட்சம்தான் என்று பி-1 சொல்கிறது. மீதி 7.8 லட்சம், மாதத்துக்கு 1.56 லட்சம். வருடக் கணக்கில் எட்டில் ஒரு பங்குதான் குறைந்தது, கைக்கு வரும் மாதப் பணமோ கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. சம்பளப் பட்டியல் ஒரு ரூபாய் குறையவில்லை. கடிதம் வருகிற மாதம் பிப்ரவரி என்பதற்கு இதுதான் காரணம்.

செங்காந்தள் | 13 ஜனவரி
மாவட்டப் பள்ளிக்கும் இதே பி-1 தானே?

பேரேடு | 13 ஜனவரி
அதே பி-1, ஆனால் கீழே ஒரு மெத்தை விரித்திருக்கிறது. இந்த வருட ஏடிஏ, போன வருட ஏடிஏ, இந்த வருடத்துக்கு முந்தைய மூன்று வருடச் சராசரி என மூன்றில் எது பெரியதோ அதை மாவட்டம் எடுத்துக்கொள்ளலாம், 2022-23 முதல். சார்ட்டருக்கு இந்த வருடக் கணக்கு மட்டும். பிள்ளைகள் எண்ணிக்கை மாநிலம் முழுவதும் குறைகிற காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. வேறொரு வித்தியாசமும் இருக்கிறது: மாவட்டம் தன் பகுதி மக்களிடம் வாக்கெடுத்து மனை வரி போடலாம், கடன் பத்திரம் வெளியிட்டுக் கட்டடம் கட்டலாம். சார்ட்டருக்கு வரி போடும் அதிகாரமே இல்லை.

உதவிபெறும் | 16 ஜனவரி
நம் ஊர் அரசு உதவி பெறும் பள்ளியோடு இதை ஒப்பிடுகிறவர்களுக்கு: அமைப்பு வேறு. தமிழ்நாட்டில் உதவி பெறும் பள்ளிக்கு அரசு தருவது முதன்மையாக அனுமதிக்கப்பட்ட பணியிடங்களின் சம்பளம். ஆகஸ்ட் 1 நிலவரப்படி மாணவர் எண்ணிக்கை எடுத்து, தொடக்கநிலையில் 30க்கு ஒருவர், நடுநிலையில் 35க்கு ஒருவர் என்று பணியாளர் நிர்ணயம் செய்வார்கள். எண்ணிக்கை குறைந்தால் "உபரி ஆசிரியர்" என்று பணிநிரவல். பிள்ளை ஜனவரியில் காய்ச்சலில் கிடந்தால் பள்ளியின் வரவு குறையாது. நிர்வாகம் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறது, சம்பளத்தை அரசு பார்த்துக்கொள்கிறது.

பேரேடு | 16 ஜனவரி
நல்ல ஒப்பீடு. உங்கள் முறையில் ஆபத்து ஆசிரியர் தலையில் விழுகிறது, இங்கே பள்ளியின் வங்கிக் கணக்கில் விழுகிறது. இங்கே சார்ட்டர் ஆசிரியர் மாநில ஊழியர் இல்லை. மாநில ஆசிரியர் ஓய்வூதியத் திட்டத்தில் சேரலாமா வேண்டாமா என்பதைக்கூடப் பள்ளியே முடிவு செய்கிறது. சேர்ந்தால் சம்பளத்தில் 19.1 சதவீதம் நிர்வாகம் கட்ட வேண்டும். சேராவிட்டால் சோஷியல் செக்யூரிட்டி என்ற மத்திய அரசு ஓய்வூதியத் திட்டத்துக்கு 6.2. காசு மிச்சம்தான், ஆனால் பத்து வருட அனுபவம் உள்ள ஆசிரியர் அந்தப் பள்ளிக்கு வரமாட்டார்.

பேரேடு | 21 ஜனவரி
துணைத் தொகையும் செறிவுத் தொகையும். இதில்தான் பெரிய பணம், பெரிய ஓட்டையும் இதில்தான்.

ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, ஆங்கிலம் இன்னும் கற்றுவரும் பிள்ளை, வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பிள்ளை, இந்த மூன்று வகையில் எதிலாவது வருகிறவர்களை ஒருமுறை மட்டும் எண்ணி, மொத்தச் சேர்க்கையில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். மூன்று வருடச் சராசரி. அந்தச் சதவீதத்தை அடிப்படைத் தொகையின் 20 சதவீதத்தால் பெருக்கினால் துணைத் தொகை. 55ஐத் தாண்டும் பகுதியை அடிப்படைத் தொகையின் 65 சதவீதத்தால் பெருக்கினால் செறிவுத் தொகை (2021-22க்கு முன் இது 50).

7-8 மட்டும் உள்ள பள்ளி, 80 சதவீதம் என்று வைப்போம். அடிப்படை 10,478. துணைத் தொகை 16 சதவீதம், அதாவது 1,676. செறிவுத் தொகை 25 புள்ளிக்கு 16.25 சதவீதம், 1,703. மொத்தம் சுமார் 13,857.

இங்கே சார்ட்டருக்கு மட்டும் ஒரு பூட்டு. செறிவுத் தொகைக்குப் பள்ளியின் சதவீதம், அது இருக்கிற மாவட்டத்தின் சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மாவட்டம் 62 என்றால் சார்ட்டருக்கும் 62தான், 7 புள்ளிக்கு மட்டும் 477 டாலர். மொத்தம் 12,631. ஒரு ஏடிஏவுக்கு 1,226 டாலர் குறைவு, 300.8 ஏடிஏவுக்கு சுமார் 3.68 லட்சம் டாலர். அதே தெருவில் மாவட்டம் நடத்துகிற, 80 சதவீத ஏழைப் பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு? மாவட்டத்துக்கும் 62க்குத்தான் பணம் வரும். ஆனால் மாவட்டம் மொத்தமாக வாங்கிப் பங்கிடுவதால் அந்தப் பள்ளிக்கு அதிகமாகத் தர முடியும். சார்ட்டருக்குப் பங்கிட வேறு பள்ளி இல்லை.

வசதியான ஊரில் ஏழைப் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய சார்ட்டர்களை இந்தப் பூட்டுதான் அதிகம் நசுக்குகிறது. சட்டம் இயற்றியவர்கள் சொன்ன காரணம், சதவீதத்துக்காகப் பிள்ளைகளைப் பொறுக்கிச் சேர்க்கக்கூடாது என்பது. எனக்கு அது பாதி நியாயமாகத்தான் படுகிறது.

செங்காந்தள் | 22 ஜனவரி
ஏழை என்று யார் சான்று தருகிறார்கள்? வருமானச் சான்றிதழ் மாதிரி தாசில்தாரிடம் போக வேண்டுமா?

பேரேடு | 22 ஜனவரி
போக வேண்டாம். கால்ஃபிரெஷ் (உணவு உதவி), மெடி-கால் (மருத்துவ உதவி) போன்ற திட்டங்களில் உள்ள குடும்பமென்றால் மாநிலத் தரவுத்தளமே பொருத்திக் கொடுத்துவிடும். மற்றவர்கள் பள்ளி தரும் வருமானப் படிவத்தை நிரப்ப வேண்டும். சிக்கல் இந்தப் படிவத்தில்தான். 2022-23 முதல் கலிஃபோர்னியாவில் எல்லாப் பிள்ளைக்கும் சாப்பாடு இலவசம். சாப்பாடு சும்மா கிடைக்கும்போது படிவம் எதற்கு என்று பெற்றோர் குப்பையில் போடுகிறார்கள்.

அக்டோபர் முதல் புதன்கிழமை கணக்கெடுப்பு நாள். அந்த நாள் நிலவரம் கால்பேட்ஸ் என்ற மாநில மாணவர் தரவுத்தளத்தில் ஏறும். 320 பேரில் 30 படிவம் வரவில்லை என்று வையுங்கள். மூன்று வருடச் சராசரியில் 960க்கு 30, அதாவது 3.1 புள்ளி சரியும். 62இல் பூட்டிய பள்ளிக்குத் துணைத் தொகையில் மட்டும் அடி, வருடத்துக்கு 19,700 டாலர் அளவில். பூட்டு இல்லாத பள்ளிக்கு இரண்டிலும் அடி, சுமார் 83,700. அந்த ஒரு அக்டோபர் மூன்று வருடக் கணக்கில் உட்கார்ந்திருக்கும். அலுவலகத்தில் ஒருவரை ஆகஸ்ட் முழுக்க தொலைபேசியில் உட்கார வைத்துப் படிவம் சேகரிக்கிற பள்ளி புத்திசாலிப் பள்ளி.

செங்காந்தள் | 22 ஜனவரி
முப்பது காகிதத்துக்கு எண்பதாயிரமா! கையாடல் கட்சியிலிருந்து பாதி விலகுகிறேன்.

ஹாரிஸ்பர்க்கார் | 2 பிப்ரவரி
பென்சில்வேனியாவில் இது எதுவும் இல்லை. எங்கள் தலைவலி வேறு. 1997 சட்டப்படி சார்ட்டருக்குப் பணம் தருவது மாநிலம் அல்ல, பிள்ளை வசிக்கும் பள்ளி மாவட்டம். மாவட்டம் தன் செலவுத் திட்டத்தை எடுத்து, சில இனங்களைக் கழித்து, மாணவர் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது சாதாரணப் பிள்ளைக்கான விகிதம். 500 மாவட்டம், ஆகவே 500 விகிதம். ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகளுக்குச் சார்ட்டர் வாங்கும் தொகை பல ஆயிரம் டாலர் வேறுபடும்.

சிறப்புக் கல்விக்கு அதன்மேல் கூட்டும் தனி விகிதம். மாவட்டத்தின் சிறப்புக் கல்விச் செலவை, உண்மையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்க்காமல், மொத்த மாணவரில் 16 சதவீதம் என்று வைத்துக்கொண்டு வகுப்பது 1997 சூத்திரம். 5,000 மாணவர், 2 கோடி டாலர் செலவு என்றால் 800ஆல் வகுத்து 25,000. அங்கே உண்மையில் 1,000 பேர் இருந்தால் சரியான விகிதம் 20,000தான். ஒரு பிள்ளைக்கு 5,000 கூடுதலாகப் போகிறது. பேச்சுப் பயிற்சி மட்டும் தேவைப்படும் பிள்ளைக்கும் அதே விகிதம், நாள் முழுக்க உதவியாளர் தேவைப்படும் பிள்ளைக்கும் அதே விகிதம். முதல் வகைப் பிள்ளை சார்ட்டரிலும் இரண்டாம் வகைப் பிள்ளை மாவட்டத்திலும் சேர்ந்தால் கணக்கு எங்கே போகும் என்று பாருங்கள்.

மாதம் ஐந்தாம் தேதிக்குள் பன்னிரண்டில் ஒரு பங்கை மாவட்டம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் சார்ட்டர் மாநிலத்திடம் போகலாம், மாநிலம் மாவட்டத்தின் மானியத்தில் பிடித்துக் கொடுக்கும். முகவரித் தகராறுதான் அடிக்கடி வரும்: பிள்ளை வீடு மாறியதைச் சார்ட்டர் சொல்லவில்லை, பழைய மாவட்டம் மூன்று மாதம் கட்டியதைத் திருப்பிக் கேட்கிறது, புதிய மாவட்டம் எனக்குத் தெரியாது என்கிறது.

பேரேடு | 2 பிப்ரவரி
மாவட்டங்களுக்கு ஈடு கட்ட மாநிலம் ஒரு தொகை தந்துகொண்டிருந்ததே, அது என்ன ஆயிற்று?

ஹாரிஸ்பர்க்கார் | 3 பிப்ரவரி
2011-12 வரவுசெலவுத் திட்டத்தில் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு பல வருடம் ஒவ்வொரு சார்ட்டர் காசோலையும் மாவட்டத்தின் நேரடிச் செலவாக இருந்தது. முப்பது பிள்ளைகள் பதின்மூன்று வகுப்புகளிலிருந்து சிதறிப் போனால் ஒரு ஆசிரியரைக்கூடக் குறைக்க முடியாது, பேருந்தும் அதே வழியில் ஓடியாக வேண்டும். காசோலை மட்டும் முப்பது பேருக்கு. இணையவழிச் சார்ட்டருக்குக் கட்டடமே கிடையாது, அதற்கும் அதே விகிதம் தந்ததுதான் இங்கே நெடுநாள் சண்டை.

பேரேடு | 3 பிப்ரவரி
மாசசூசெட்ஸ் இந்தச் சிதறலுக்கு ஒரு மருந்து வைத்திருக்கிறது. சார்ட்டருக்குப் போகும் தொகை கூடினால், கூடிய பகுதிக்கு மாநிலம் மாவட்டத்துக்கு முதல் வருடம் 100 சதவீதம், அடுத்து 60, அடுத்து 40 ஈடு தரும். 2019 சட்டம் வகுத்தது. அதற்கு முன் முதல் வருடம் 100, பிறகு ஐந்து வருடம் 25. அந்த ஈட்டுக்கு சட்டமன்றம் முழுப் பணம் ஒதுக்காமல் விட்ட வருடங்கள்தான் 2016 வாக்கெடுப்பின் பின்னணி. சார்ட்டர் எண்ணிக்கை வரம்பை உயர்த்தலாமா என்ற கேள்வியை 62 சதவீதம் பேர் நிராகரித்தார்கள்.

உதவிபெறும் | 5 பிப்ரவரி
வாஷிங்டன் மாநிலத்தில் லாட்டரிப் பணத்தில் சார்ட்டர் நடக்கிறது என்று படித்தேன். உண்மையா, யாராவது அடித்துவிட்ட கதையா?

பேரேடு | 5 பிப்ரவரி
உண்மை. 2012இல் மக்கள் வாக்கெடுப்பில் மயிரிழையில் சார்ட்டர் சட்டம் நிறைவேறியது. 2015 செப்டம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. காரணம்: அந்த மாநில அரசமைப்பில் "பொதுப் பள்ளி"க்கென்று ஒதுக்கிய பணத்தை, மக்கள் தேர்ந்தெடுத்த வாரியம் நடத்தாத பள்ளிக்குத் தர முடியாது. 2016இல் சட்டமன்றம் பணம் வரும் குழாயை மட்டும் மாற்றியது. பொது நிதிக்குப் பதில், லாட்டரி வருவாய் போய்ச் சேரும் தனிக் கணக்கு. 2018இல் அதே நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டது. உள்ளூர் வரிப் பணம் மட்டும் அங்கே சார்ட்டருக்கு இன்றும் கிடையாது.

உதவிபெறும் | 5 பிப்ரவரி
தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியைத் தடை செய்தது அவசரப்பட்டுவிட்டார்கள் போல. விண்ணப்பம் அதிகமானால் சார்ட்டரில் சேர்க்கையும் குலுக்கல், நிதியும் குலுக்கல்.

பேரேடு | 23 பிப்ரவரி
கட்டடம். பலரும் தனிச்செய்தியில் கேட்டது இதுதான்.

கலிஃபோர்னியாவில் 2000 நவம்பரில் நிறைவேறிய 39ஆம் முன்மொழிவின்படி, மாவட்டப் பிள்ளைகள் குறைந்தது 80 ஏடிஏ வருகிற சார்ட்டருக்கு, மற்ற பள்ளிகளுக்கு நிகரான இடத்தை மேசை நாற்காலியோடு மாவட்டம் தர வேண்டும். நாள்கள் கறாரானவை. நவம்பர் 1க்குள் விண்ணப்பம். டிசம்பர் 1க்குள் உங்கள் மதிப்பீட்டில் மாவட்டத்தின் ஆட்சேபம். ஜனவரி 2க்குள் பதில். பிப்ரவரி 1இல் முதல்கட்ட இடம். மார்ச் 1க்குள் உங்கள் கருத்து. ஏப்ரல் 1இல் இறுதி இடம். நவம்பர் 1ஐத் தவறவிட்டால் அந்தக் கல்வியாண்டு போயிற்று.

தவறு நடக்கும் இடம் மதிப்பீடு. "இருநூறு பேர் ஆர்வமாக இருக்கிறார்கள்" என்று எழுதினால் மாவட்டம் ஏற்காது. பிள்ளையின் பெயர், வகுப்பு, முகவரி, பெற்றோர் கையெழுத்து உள்ள படிவங்கள் வேண்டும். முகவரி மாவட்டத்துக்கு உள்ளேதானா என்று ஒவ்வொன்றையும் பார்ப்பார்கள். இன்னொரு பக்கம், கூட்டிச் சொல்லி அதிக அறை வாங்கினாலும் மாட்டிக்கொள்வீர்கள். சொன்ன ஏடிஏவைவிட 25 ஏடிஏ அல்லது 10 சதவீதம், எது பெரியதோ அந்த அளவு குறைந்தால், காலியாக வைத்திருந்த இடத்துக்கு மாவட்டத்துக்குக் காசு கட்ட வேண்டும்.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதி வாசகர்களுக்குத் தெரிந்த வழக்கு லாஸ் ஆல்டோஸ் மாவட்டமும் புல்லிஸ் சார்ட்டரும். 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: ஒப்பிடும் பள்ளிகளின் வகுப்பறை மட்டுமல்ல, மைதானம், நூலகம் என்று எல்லா இடத்தையும் அளந்து, அதற்கு நிகராகத் தர வேண்டும். அதற்குப் பிறகு மாவட்டங்கள் அனுப்பும் இறுதிக் கடிதங்களில் சதுர அடிப் பட்டியல் நீண்டுவிட்டது.

தனியார் கட்டடத்தில் வாடகைக்கு இருந்தால் மாநிலத்தின் கட்டட மானியம் உண்டு. வாடகையில் 75 சதவீதம் வரை, ஆனால் ஒரு ஏடிஏவுக்கு இவ்வளவு என்ற உச்சவரம்புக்குள். தகுதி: பள்ளியிலோ, அது இருக்கும் பகுதியின் தொடக்கப் பள்ளியிலோ 55 சதவீதப் பிள்ளைகள் இலவச அல்லது சலுகை விலை உணவுக்குத் தகுதி பெற்றிருக்க வேண்டும். மறுபடியும் அந்த வருமானப் படிவம்! மாணவர் குறைந்தால் உச்சவரம்பும் குறையும், வாடகை குறையாது. பத்து வருடக் குத்தகையில் ஆண்டுக்கு 3 சதவீத உயர்வுக்குக் கையெழுத்துப் போட்ட பள்ளிகள் நான்காம் வருடம் தடுமாறுவது இதனால்தான்.

மினசோட்டாவில் குத்தகை உதவி என்று தனித் தொகையே உண்டு: வாடகையில் 90 சதவீதம் அல்லது ஒரு மாணவர் அலகுக்கு 1,314 டாலர், எது குறைவோ அது. 1991இல் முதல் சார்ட்டர் சட்டம் கொண்டுவந்த மாநிலம் என்பதால் இந்த விஷயத்தில் கொஞ்சம் முன்யோசனை.

செங்காந்தள் | 24 பிப்ரவரி
புதிதாகத் தொடங்கும் பள்ளிக்குப் போன வருடக் கணக்கே கிடையாதே. ஜூலையில் எதை வைத்து அனுப்புவார்கள்?

பேரேடு | 24 பிப்ரவரி
ஜூலையில் ஒன்றும் வராது. பள்ளி கோடையிலேயே தன் எதிர்பார்ப்பு எண்ணிக்கையை மாநிலத்துக்குத் தரும், அந்தப் படிவத்தின் பெயர் பென்செக். அதை வைத்து செப்டம்பர் கடைசியில் ஒரே முன்பணமாக 37 சதவீதம். பிறகு முதல் 20 பள்ளி நாள் வருகையை அனுப்ப வேண்டும், அதை வைத்து டிசம்பரில் 18 சதவீதம். ஆகஸ்டில் பள்ளி திறந்தால் இரண்டு மாதச் சம்பளம், முன்வைப்பு வாடகை, பெஞ்சு, கணினி எல்லாம் கைக்காசு. 320 என்று எழுதிக்கொடுத்து 260 பேர் வந்தால் செப்டம்பரில் கூடுதலாக வாங்கியதை அடுத்த தவணையில் பிடித்துவிடுவார்கள்.

மாநிலத்தின் சுழல் கடன் நிதியில் புதிய சார்ட்டர் 2.5 லட்சம் டாலர் வரை, ஐந்து வருடத் தவணையில் வாங்கலாம். பலர் அது கிடைப்பதற்குள் வரவேண்டிய பாக்கியைத் தனியாரிடம் தள்ளுபடிக்கு விற்கிறார்கள். வட்டியை வருடக் கணக்கில் மாற்றிப் பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. 2020-21இல் மாநிலமே தவணைகளைத் தள்ளிவைத்தபோது இந்த வியாபாரம் நன்றாக நடந்தது.

செங்காந்தள் | 9 மார்ச்
டிசம்பரில் மூன்று வாரம் ஊருக்குப் போகிறவர்கள் பள்ளிக்கு நட்டம் வைக்கிறார்களா?

பேரேடு | 9 மார்ச்
வைக்கிறார்கள். வருட நிதிக்கு எடுக்கும் கணக்கு பி-1க்கு அடுத்து வரும் பி-2, ஏப்ரல் 15க்குள் முடியும் பள்ளி மாதம் வரை. அதுவரை 140 பள்ளி நாள் என்றால் 15 நாள் விடுப்பு 0.107 ஏடிஏ. மேலே போட்ட 12,631 விகிதத்தில் சுமார் 1,350 டாலர். அதே 15 நாளை மே மாதம் எடுத்தால் பி-2வில் அது தெரியவே தெரியாது. இதைப் பள்ளிகள் வெளியே சொல்வதில்லை, ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

இழப்பைத் தவிர்க்க வழி: குறுகிய காலச் சுயகற்றல் ஒப்பந்தம். எழுத்தில் இருக்க வேண்டும், பெற்றோர், பிள்ளை, ஆசிரியர் கையெழுத்து வேண்டும், பிள்ளை செய்த பாட வேலையை ஆசிரியர் மதிப்பிட்டுக் கோப்பில் வைக்க வேண்டும். தணிக்கையில் முதலில் கேட்பது அந்தக் கோப்பைத்தான். கையெழுத்து இல்லையென்றால் எல்லா நாளும் போகும். விமானச் சீட்டு எடுத்த உடனே அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள்.

ஹாரிஸ்பர்க்கார் | 10 மார்ச்
அந்தச் சுயகற்றல் வழியில்தானே ஏ3 ஊழல் நடந்தது?

பேரேடு | 11 மார்ச்
ஆமாம், கையாடல் கதைக்கு வந்துவிட்டோம். 2019 மே மாதம் சான் டியேகோ மாவட்ட வழக்குரைஞர் 11 பேர்மீது குற்றம் சாட்டினார். ஏ3 என்ற நிறுவனத்தோடு தொடர்புடைய 19 இணையவழிச் சார்ட்டர்கள், மாநிலத்திடமிருந்து 40 கோடி டாலருக்கு மேல். இணையவழிப் பள்ளியில் வருகை என்பது பிள்ளை செய்த வேலைக்கு ஆசிரியர் தரும் மதிப்பீடு, வகுப்பறை இருக்கை இல்லை. கோடைகால விளையாட்டுக் குழுக்களிடம் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்துப் பெயர்ப் பட்டியல் வாங்கிச் சேர்த்தார்கள். பள்ளியில் சேர்ந்திருக்கிறோம் என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. அனுமதி கொடுத்த மாவட்டத்துக்கு மேற்பார்வைக் கட்டணமாக வருவாயில் 1 சதவீதம் வரை கிடைக்கும். நூற்றுக்கணக்கில் மட்டும் பிள்ளைகள் உள்ள குட்டி மாவட்டங்களுக்கு அது பெரிய பணம். கேள்வி கேட்க வேண்டிய ஆளுக்கே பங்கு.

வகுப்பறை சாராத பள்ளிக்கு 2001 சட்டத்திலேயே ஒரு சல்லடை உண்டு: முழு நிதி வேண்டுமென்றால் பொதுப் பணத்தில் 40 சதவீதமாவது சான்று பெற்ற ஆசிரியர் சம்பளத்துக்கும், மொத்த வருவாயில் 80 சதவீதமாவது கற்பித்தலுக்கும் போயிருக்க வேண்டும், ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைக்கு மேல் கூடாது. சல்லடை செலவைத்தான் பார்த்தது, பிள்ளை உண்மையா என்று பார்க்கவில்லை. 2020 ஜனவரி முதல் இந்த வகையில் புதிய பள்ளி தொடங்கத் தடை போட்டார்கள்.

செங்காந்தள், உங்கள் சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வழி: 2020 முதல் சார்ட்டர் வாரியக் கூட்டங்களுக்கும் திறந்த கூட்டச் சட்டம் பொருந்தும். வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பு நிகழ்ச்சி நிரல் வெளியாக வேண்டும். ஜனவரி 31 நிலவரம் காட்டும் இரண்டாம் இடைக்கால அறிக்கை மார்ச் 15க்குள் தயாராக வேண்டும். அதில் வரவுசெலவுச் சுருக்கத்தை விடுங்கள், மாதவாரிப் பண இருப்புத் தாளைப் பாருங்கள். எந்த மாதக் கடைசியில் இருப்பு எதிர்மறையாகிறது, அதை எந்தக் கடனால் அடைக்கிறார்கள், இரண்டே கேள்வி.

செங்காந்தள் | 19 மார்ச்
பார்த்தேன். மே மாதம் எதிர்மறை. சேர்க்கை 318 என்று திட்டமிட்டு 281 வந்திருக்கிறது. திருட்டு எதுவும் கண்ணில் படவில்லை.

பேரேடு | 19 மார்ச்
281க்கு எத்தனை ஆசிரியர் என்று கேளுங்கள். 318க்கு எடுத்த அதே எண்ணிக்கை என்றால் பதில் அங்கேயே இருக்கிறது.

உதவிபெறும் | 23 மே
ஓக்லஹோமாவில் கத்தோலிக்கச் சார்ட்டர் வழக்கு நேற்று முடிந்துவிட்டதாமே.

பேரேடு | 23 மே
அமெரிக்க உச்ச நீதிமன்றம் 4-4 என்று சமமாகப் பிரிந்தது, ஒரு நீதிபதி விலகியிருந்தார். அதனால் மாநில உச்ச நீதிமன்றம் 2024இல் தந்த தீர்ப்பு அப்படியே நிற்கிறது: அந்த மதப் பள்ளிக்குச் சார்ட்டர் பணம் இல்லை. நாடு முழுக்கக் கட்டுப்படுத்தும் முன்னுதாரணம் ஆகாது, ஆகவே வேறு மாநிலத்திலிருந்து மறுபடி வரும்.

செங்காந்தள் | 24 மே
எங்கள் பக்கத்துப் பள்ளி ஜூனோடு மூடுகிறது, அறிவித்துவிட்டார்கள். பெற்றோர் செய்ய வேண்டியது என்ன?

பேரேடு | 24 மே
கடைசி நாளுக்கு முன்பே மதிப்பெண் பட்டியல், தடுப்பூசி அட்டை, சிறப்புக் கல்வித் திட்டம் மூன்றின் நகலையும் கையில் வாங்கிவிடுங்கள். பிறகு பதிவேடுகள் யாரிடம் போகின்றன என்பது சார்ட்டர் ஆவணத்தின் மூடல் நடைமுறைப் பகுதியில் இருக்கும், அந்த அலுவலகத்தின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளி ஆறு மாதத்துக்குள் இறுதித் தணிக்கை முடித்தாக வேண்டும், சொத்து, கடன், திருப்பித் தர வேண்டிய மானியம் எல்லாம் அதில் வரும். உங்கள் மாவட்டத்தில் சேர்க்க முகவரிச் சான்று போதும். குலுக்கல் உள்ள வேறு சார்ட்டர் என்றால் பெரும்பாலும் குலுக்கல் வசந்தத்திலேயே முடிந்திருக்கும், காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுங்கள். அக்டோபர் கணக்கெடுப்புக்கு முன் இடம் நிரப்பப் பள்ளிகள் ஆகஸ்ட், செப்டம்பரில் கூப்பிடுவார்கள்.